பம்பின் மேல் எழுதாத எண்

1993-ல் டொயோட்டா வெளியிட்ட நான்காம் தலைமுறை சுப்ரா காரின் எஞ்சினுக்கு 2ஜேஇசட்-ஜிடிஇ என்று பெயர். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், மூன்று லிட்டர் கொள்ளளவு, இரண்டு டர்போக்கள், வார்ப்பிரும்பு பிளாக். அமெரிக்காவுக்குப் போன கார்களில் அது 320 குதிரைத்திறன் கொடுத்தது. பிளாக்கின் உறுதியோ இதைப்போல் இருமடங்கைத் தாங்கும். இதைத் தெரிந்துகொண்ட பந்தயப் பிரியர்கள் இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய ஒற்றை டர்போவை மாட்டத் தொடங்கினார்கள். 600 குதிரைத்திறன் என்பது சுப்ராக்காரர்களின் பேச்சில் சாதாரண இலக்காகிவிட்டது.

அந்தப் பேச்சில் டர்போவுக்குக் கிடைக்கும் இடம் பெரிது. காரின் பின்புறம், டேங்குக்குள், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் கையளவு மோட்டாருக்குக் கிடைக்கும் இடம் சிறிது. டர்போ காற்றைத்தான் கூட்டித் தரும். காற்று எரிவதில்லை, பெட்ரோலை எரிய வைக்கிறது. காற்றைக் கூட்டிவிட்டு அதற்கேற்ற பெட்ரோலைக் கூட்டாத எஞ்சின் பலவீனமாக ஓடுவதோடு நிற்காது, தன்னையே உருக்கிக்கொள்ளும். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பம்பைப் பற்றியது.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும் என்றாலும் திட்டம் போட இந்த எண் போதும். 320 குதிரைத்திறனுக்கு மணிக்கு 86 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோ என்பதால் இது 117 லிட்டர் ஆகிறது. 600 குதிரைத்திறனுக்கு மணிக்கு 162 கிலோ, அதாவது ஏறக்குறைய 220 லிட்டர். நொடிக்கு 61 மில்லிலிட்டர்.

கடைக்குப் போனால் 255 லிட்டர் பம்பு கிடைக்கிறது. அமெரிக்காவின் வால்ப்ரோ நிறுவனம் பெயர் பெற்றதே இந்த அளவுப் பம்பால்தான். 220 வேண்டும், 255 இருக்கிறது, வேலை முடிந்தது என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது.

வீட்டில் கிணற்று மோட்டார் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தரைமட்டத் தொட்டியில் வேகமாகக் கொட்டும் அதே மோட்டார், மூன்றாவது மாடித் தொட்டியில் மெலிந்துபோய்க் கொட்டும். எதிர்த்து நிற்கும் அழுத்தம் கூடக்கூட, பம்பு தள்ளும் அளவு குறையும். பெட்ரோல் பம்பும் அப்படியே. பெட்டியில் அச்சிட்ட 255 என்ற எண் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்திலும் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டிலும் எடுத்த அளவு. பொதுவாக அது 40 பிஎஸ்ஐ, அதாவது 2.75 பார் அழுத்தமும் 13.5 வோல்ட்டும். உங்கள் காரில் அந்த அழுத்தமும் இருக்காது, பெரும்பாலும் அந்த வோல்ட்டும் இருக்காது.

அழுத்தம் ஏன் மாறுகிறது? இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு நுண்ணிய வால்வு. அதற்கு ஒரு பக்கம் ரெயில் எனப்படும் குழாயில் பெட்ரோல்; மறுபக்கம் எஞ்சினுக்குள் போகும் காற்று. இரண்டு பக்க அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலைத் தெறிக்கவைக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சுமார் 3 பார் அளவில் மாறாமல் காப்பது ரெகுலேட்டரின் வேலை. டர்போ 1.5 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், கொடுத்தால் காற்றுப் பக்கம் அவ்வளவு ஏறிவிடும். வித்தியாசம் 3 பாராகவே இருக்க, ரெகுலேட்டர் ரெயிலின் அழுத்தத்தை 4.5 பாருக்கு உயர்த்துகிறது. எஞ்சினுக்கு அதிகபட்சப் பெட்ரோல் தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் பம்புக்கு எதிரே நிற்கும் அழுத்தமும் அதிகபட்சமாகிறது. தேவைக்கோடு மேலே ஏற, பம்பின் திறன்கோடு கீழே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடமே உங்கள் காரின் உண்மையான எல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் பம்போடு ஒரு வரைபடம் தருகிறார்கள். 4.5 பாருக்கு நேரே அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் பம்பு வாங்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிடாத அந்த எண்தான் எஞ்சினைக் காப்பாற்றும்.

எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு எடை காற்று வேண்டும். அதிகபட்ச சக்தி கிடைப்பது 12.5 அருகில். பூஸ்ட் அதிகமுள்ள எஞ்சின்களை இன்னும் செழுமையாக, 11.5 அளவில் ஓட்டுவார்கள். அந்த உபரிப் பெட்ரோல் எரிவதற்காகப் போவதில்லை. அது ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது, சிலிண்டரைக் குளிர்விக்கிறது. இப்போது பம்பு திணறி, இன்ஜெக்டரின் அழுத்த வித்தியாசம் 3 பாரிலிருந்து 2 பாருக்கு விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் 18 சதவீதம் குறையும். 11.5 என்ற விகிதம் 14.1 ஆகிவிடும். சாதாரண ஓட்டத்தில் 14.1 நல்ல விகிதம்தான். ஒன்றரை பார் பூஸ்டில் அது ஆபத்து. குளிர்ச்சி போய்விடுகிறது, வெப்பம் ஏறுகிறது, தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான்.

எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவை 660 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். நல்ல எஞ்சினில் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு உதவுவது, அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய, அசைவற்ற வாயுப்படலம். நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. 6500 சுற்று வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 54 முறை வெடிக்கிறது. இரண்டு நொடி பெட்ரோல் பஞ்சம் என்றால் நூறுக்கும் மேற்பட்ட அடிகள். ஓட்டுநர் காலை எடுப்பதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

அழுத்தம் பற்றி இன்னொரு ஆசையும் உண்டு. இன்ஜெக்டரை மாற்றாமல் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றிவிட்டால் பெட்ரோல் கூடிவிடாதா? கூடும், வர்க்கமூலக் கணக்கில். அழுத்தத்தை இரட்டித்தாலும் ஓட்டம் 41 சதவீதம்தான் கூடும். அதற்குப் பம்பு கொடுக்கும் விலையோ பெரிது. அழுத்தத்தைக் கொஞ்சம் திருத்தலாம். பெரிய தாவலுக்குப் பெரிய இன்ஜெக்டர்தான் வழி. நம் உதாரணத்தில் 220 லிட்டரை ஆறால் வகுத்தால் இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 611 மில்லிலிட்டர் வருகிறது. எந்த இன்ஜெக்டரையும் முழுநேரமும் திறந்தபடி ஓட்டக் கூடாது. 85 சதவீத நேரம் திறந்திருக்கலாம் என்றால் 720 மில்லிலிட்டர் அளவு வேண்டும்.

இனி மின்சாரம். பம்பு மேம்பாட்டில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் எது என்று கேட்டால், ஒயர் என்பேன். கார் தயாரித்த நிறுவனம் தன் பம்புக்கு ஏற்ற ஒயரைத்தான் போட்டிருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள ஐந்து மீட்டர் செம்பு ஒயரின் மின்தடை ஏறத்தாழ 0.09 ஓம். பழைய சிறிய பம்பு 6 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் போகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். புதிய பம்பு 15 ஆம்பியர் இழுத்தால் 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கனெக்டரின் பச்சைக் களிம்பும், துருப்பிடித்த எர்த் இணைப்பும் இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, பம்பின் முனையில் 12 கூட வராது. வோல்ட் குறைந்தால் சுழற்சி குறையும். பம்புக்குள் இடுக்கு வழியாகப் பின்னோக்கிக் கசியும் பெட்ரோலோ, வேகம் குறைந்ததற்காகக் குறையாது. அது அழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே 11 சதவீத வோல்ட் இழப்பு, ஓட்டத்தில் அதைவிடப் பெரிய இழப்பாக வெளிப்படும். புதுப் பம்பு போட்டும் பழைய அழுத்தமே நிற்கிறது என்று புலம்புகிறவர்கள், பம்பைக் குறை சொல்லுமுன் அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

சுப்ராவில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. அதன் பம்புக்கென்றே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, பம்புக்குச் சுமார் 9 வோல்ட் மட்டும் கொடுத்து, சுமை ஏறும்போது முழு வோல்ட்டுக்கு மாறும். சத்தமும் சூடும் குறைய, பம்பு நீண்டநாள் உழைக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. பெரிய பம்பின் ஆம்பியரைத் தாங்கும்படி அந்தப் பெட்டியை வடிவமைக்கவில்லை என்பதால், மேம்பாடு செய்கிறவர்கள் ரிலே என்ற மின்சுவிட்சை வைக்கிறார்கள். பேட்டரியிலிருந்து நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று, தனி ஃப்யூஸ், ரிலே, அங்கிருந்து பம்பு. 1.3 வோல்ட் இழப்பு 0.3 ஆகிவிடும். பழைய ஒயர் ரிலேயைத் தட்டிவிடும் சமிக்ஞையாக மட்டும் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் பம்பை நிறுத்தும் பொறுப்பு காரின் கணினியுடையது. அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு, சாவி போட்டால் ஓடும்படி பம்பை நேராக இணைத்த கார் விபத்தில் சிக்கினால், உடைந்த குழாய் வழியே பெட்ரோல் தொடர்ந்து பீய்ச்சும். ஒயரிங் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் கிடைப்பதில் மிகப் பெரிய பம்பை வாங்கிப் போட்டுவிடலாமே? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் ஒரு போர்விமானத்திலிருந்து கிடைக்கிறது. 1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதற்குப் பெட்ரோல் கொடுத்தது மிதவை வைத்த எஸ்.யு. கார்புரேட்டர். எதிரே வந்த ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டெய்ம்லர் பென்ஸ் 601 எஞ்சினிலோ, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைச் செலுத்தும் இன்ஜெக்டர்கள். துரத்தப்பட்ட ஜெர்மானிய விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்வார். பின்தொடரும் ஸ்பிட்ஃபயர் அதேபோல் பாய்ந்தால் அதன் எஞ்சின் திக்கி நின்றுவிடும். ஆகவே பிரிட்டிஷ் விமானி முதலில் விமானத்தைத் தலைகீழாக உருட்டி, பிறகு கீழே இழுக்க வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி போயிருப்பார்.

எஞ்சின் இரண்டு கட்டமாகத் திணறியது. மூக்கு கீழே பாயும்போது பெட்ரோல், கார்புரேட்டர் கிண்ணத்தின் மேற்பக்கத்துக்குத் தாவிவிடும்; கணநேரம் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காது. அது சிறிய தொல்லை. அடுத்து, மிதவை குழம்பிப்போய் வால்வை முழுதாகத் திறந்துவிடும். பம்பு தன் முழுப் பலத்தோடு பெட்ரோலைக் கொட்டும். கிண்ணம் நிரம்பி வழியும். கரும்புகையோடு எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும். ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் இந்த இரண்டாவது கட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் பெற்றவர் அவர். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே அவர் வைத்தது துளையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டு. முழுச் சக்தியில் எஞ்சின் குடிக்கும் அளவுதான் அந்தத் துளை வழியே போகும். அதற்கு மேல் ஒரு சொட்டும் போகாது. கார்புரேட்டரைக் கழற்றாமலே பொருத்த முடிந்ததால் 1941 மார்ச் முதல் விமானத்தளம் விமானத்தளமாகச் சென்று அதைப் பொருத்தினார்கள். நோயை அது முழுதாகக் குணப்படுத்தவில்லை. 1943-ல் அழுத்தக் கார்புரேட்டர் வந்த பிறகே அது தீர்ந்தது. ஆனால் பெட்ரோல் அமைப்பைத் தேவையின் அளவுக்கு வெட்டுவது என்ற கருத்தை இவ்வளவு எளிமையாக நிரூபித்த வேறொரு பொருளை நான் அறியேன்.

காரில் இதே பிரச்சினை ஐடிலில் வரும். பம்பு மணிக்கு 400 லிட்டர் தள்ளுகிறது, எஞ்சின் ஒன்றோ ஒன்றரையோ லிட்டர் குடிக்கிறது, மீதம் அத்தனையும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய ரெகுலேட்டரின் வாயும் திரும்பும் குழாயும் இந்த வெள்ளத்துக்குப் போதாவிட்டால் அழுத்தம் இறங்காது. 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து பார் நிற்கும். ஐடிலில் கரும்புகை வரும். எனவே பம்பைப் பெரிதாக்கினால் திரும்பும் வழியையும் பெரிதாக்க வேண்டும்.

வெப்பமும் உண்டு. 220 லிட்டரை 4.5 பாரில் தள்ளத் தேவையான உண்மையான வேலை வெறும் 27 வாட். பம்பு இழுப்பதோ 200 வாட் அளவில். மீதம் அத்தனையும் வெப்பமாகிப் பெட்ரோலில்தான் கரைகிறது. டேங்கில் 20 லிட்டர் இருந்து, 150 வாட் அதற்குள் இறங்கி, வெளியே எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 17 டிகிரி ஏறும். எஞ்சின் அறையைச் சுற்றித் திரும்பும் பெட்ரோல் கொண்டுவரும் சூடு இதில் சேரவில்லை. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் குமிழி உண்டாகும். குமிழியைப் பம்பால் தள்ள முடியாது. பம்பை டேங்குக்குள் மூழ்கவைப்பதற்கு இதுவே காரணம்: பம்பு நன்றாகத் தள்ளும், மோசமாக உறிஞ்சும். பெட்ரோலுக்குள் மின்மோட்டார் தீப்பிடிக்காதா என்று கேட்பார்கள். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 7.6 சதவீதத்தைத் தாண்டினால் அது எரியாது. டேங்குக்குள் சாதாரணமாக ஆவி அதைவிட அடர்த்தி. பம்புக்குள்ளே காற்றே இல்லை.

மூழ்கிய பம்பை இணைக்கும் ஹோஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் உட்புறம் மட்டும் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் வெளிப்புறமும் நனைவதால் அது ஊதிப் பிளந்துவிடும். எஸ்.ஏ.ஈ. ஜே30ஆர்10 என்று குறியிட்ட ஹோஸ்தான் மூழ்கவைக்க ஏற்றது.

பந்தயப் பாதையில் வளைவுகள் இருக்கின்றன. ஒரு ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான, பக்கவாட்டு முடுக்கத்தில் வளைந்தால் டேங்கிலுள்ள பெட்ரோலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். பாதி டேங்க் பெட்ரோல் இருந்தும் பம்பின் வாய் காற்றைக் குடிக்கலாம். அதற்காகச் சிறிய துணை டேங்க் ஒன்றை வைத்து, அதை எப்போதும் நிரம்பி வழியவிட்டு, அதிலிருந்து முக்கியப் பம்பு எடுக்கும்படி செய்கிறார்கள். நம் 600 குதிரைத்திறன் எஞ்சின் நொடிக்கு 61 மில்லிலிட்டர் குடிப்பதால் ஒரு லிட்டர் துணை டேங்க் 16 நொடி தாங்கும். அதைவிட நீளமான வளைவு அரிது.

எத்தனால் வந்தபின் கணக்கு மாறுகிறது. எத்தனாலுக்குத் தேவையான காற்று விகிதம் 9 தான்; அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். 85 சதவீத எத்தனால் கலவையை மேலைநாட்டுச் சுப்ராக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம், ஆவியாகும்போது அது பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுவதும் நாக்கிங்கை எதிர்ப்பதும். அதற்கு விலை, 30 முதல் 40 சதவீதம் கூடுதல் ஓட்டம். 220 லிட்டர் 300 ஆகிவிடும். இந்தியாவிலும் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. பழைய காருக்குப் பம்பு மாற்றுகிறவர்கள், அந்தப் பம்பும் ரப்பர் பாகங்களும் எத்தனாலைத் தாங்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைச் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில் இரண்டு பம்புகள். டேங்கில் இருப்பது ஐந்தாறு பாரில் தள்ளும். எஞ்சினின் கேம்ஷாஃப்ட் சுழற்றும் இரண்டாவது பம்பு அதை 200, 350 பார் வரை ஏற்றும். அங்கே டேங்க் பம்பை மட்டும் மாற்றிப் பலனில்லை. கேமின் மேடும் பம்பின் உருளையும்தான் எல்லையைத் தீர்மானிக்கின்றன.

எந்தக் காரானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் குதிரைத்திறன் இலக்கு, பிறகு லிட்டர் கணக்கு, பிறகு பூஸ்ட் சேர்த்த அழுத்தத்தில் பம்பின் வரைபடம், பிறகு ஒயரும் எர்த்தும், பிறகு திரும்பும் வழி. கடைசியில்தான் பூஸ்ட். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றங்களைத் தடுக்கிறது. ஆகவே இந்தக் கலையின் இடம் பந்தயப் பாதைதான், பொதுச் சாலை அல்ல. அங்கே போகுமுன் ஒரு ஃப்யூயல் பிரஷர் சென்சாரை ரெயிலில் மாட்டி, பூஸ்டோடு சேர்த்து அதைப் பதிவு செய்யுங்கள். பூஸ்ட் ஒரு பார் ஏறும்போது ரெயில் அழுத்தமும் ஒரு பார் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ கடைசி ஆயிரம் சுற்றில் சரிந்தாலோ, அந்தப் பம்பு போதாது. அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.